மருந்து அலமாரியில் உரலுக்கு என்ன வேலை?

கோவைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்துக்குச் சென்ற மாதம் போயிருந்தபோது, அங்கே மருந்து அலமாரியின் மேல்தட்டில், வீட்டில் இஞ்சி பூண்டு நசுக்க வைத்திருப்போமே, அதுபோன்ற ஒரு சின்னக் கல் உரலைப் பார்த்தேன். அதன் குழியில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பொடி ஒட்டிக்கொண்டிருந்தது. அந்த இல்லத்தார் என்னை அவசரமாக வரச் சொன்னதன் காரணம் அந்தக் குழிக்குள்தான் இருந்தது.

பக்கவாதம் வந்து, விழுங்கச் சிரமப்படும் 78 வயதுப் பாட்டி ஒருவருக்குக் காலையில் கொடுக்க வேண்டிய ஆறு மாத்திரைகளையும் பராமரிப்பு உதவியாளர் ஒன்றாகப் போட்டு இடித்து, மசித்த வாழைப்பழத்தில் குழைத்து ஊட்டியிருக்கிறார். எட்டு மணிக்கு ஊட்டினார். ஒன்பது மணிக்குள் பாட்டி வியர்த்துக் கொட்டி, கண் செருகி, நாற்காலியிலேயே சரிந்துவிட்டார். இரத்த அழுத்தம் 80/50. அந்த ஆறில் ஒன்று நிஃபெடிபின் ரிடார்ட், அதாவது இரத்த அழுத்தத்தைக் குறைக்க மெதுவாகக் கசியும் மாத்திரை. இரண்டு நாள் மருத்துவமனையில் இருந்து பிழைத்துத் திரும்பினார். இது நான் காணும் முதல் சம்பவமாக இருந்திருந்தால் அந்த உதவியாளருக்குத் தனியே சொல்லிக்கொடுத்துவிட்டு வந்திருப்பேன், எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். ஒன்றரை ஆண்டுக்குள் இது நான்காவது.

அந்தப் பெண் அலட்சியக்காரர் அல்லர். முறையாகப் பயிற்சி முடித்துச் சான்றிதழ் பெற்றவர். பாட்டியின் படுக்கைப் புண்ணைப் பல செவிலியர்களைவிட நன்றாகப் பார்த்துக்கொண்டவர். ஏன் இடித்தீர்கள் என்று கேட்டபோது அழுதுகொண்டே சொன்னார்: “வயித்துக்குள்ள போனா எப்படியும் கரையத்தானுங்க சிஸ்டர் போகுது? முழுசா குடுத்தா பாட்டிக்குப் புரையேறுதுங்க.”

இந்த ஒரு வாக்கியத்தை முப்பது ஆண்டுச் செவிலியர் பணியில் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. உதவியாளர்கள் மட்டுமல்ல, பொறியாளர் மகன்கள் சொல்கிறார்கள், ஆசிரியை மருமகள்கள் சொல்கிறார்கள், ஒரு முறை மருத்துவமனை வார்டிலேயே இளம் செவிலியர் ஒருவர் சொன்னார். ஆகவே பொறுமையாக விளக்கப் பார்க்கிறேன். எல்லா மாத்திரைகளும் வயிற்றில் கரையட்டும் என்று செய்யப்படுபவை அல்ல. சில மாத்திரைகள் பன்னிரண்டு மணி நேரமோ இருபத்து நான்கு மணி நேரமோ மெதுமெதுவாகக் கசியும்படி செய்யப்படுகின்றன. ஒரு நாள் முழுவதும் உடம்புக்குள் சேர வேண்டிய மருந்தை அந்த ஒரே மாத்திரைக்குள் அடைத்திருக்கிறார்கள். அந்த மாத்திரையின் கட்டமைப்புதான் அதை அளந்து அளந்து விடுகிறது. எங்கள் ஊர்ப்பக்க விவசாயிக்குப் புரியும்படி சொன்னால் அது சொட்டுநீர்ப் பாசனம். நீங்கள் மாத்திரையை இடிக்கும்போது குழாயைப் பிடுங்கிப் போட்டுவிட்டுத் தொட்டித் தண்ணீர் முழுவதையும் ஒரே மடையில் திறந்துவிடுகிறீர்கள். நாற்று மூழ்கும், அன்று மாலைக்குள் நிலம் காய்ந்தும் போகும். காலை ஒன்பது மணிக்குச் சரிந்து விழுந்த நோயாளிக்கே இரவில் இரத்த அழுத்தம் ஏறி நிற்பதைப் பார்த்துவிட்டு, “மருந்து வேலை செய்யவில்லை, அளவைக் கூட்டுங்கள்” என்று மருத்துவரிடம் கேட்கும் குடும்பங்களும் உண்டு.

இன்னொரு வகை, மேல்பூச்சு பூசிய மாத்திரைகள். அமிலச் சுரப்பைக் குறைக்கக் கொடுக்கும் பேண்டோபிரசோல், வயிற்று அமிலத்திலேயே சிதைந்துபோகும் மருந்து; அதனால்தான் குடலுக்குப் போகும்வரை தாங்கும் பூச்சு அதற்கு. அதை இடித்துக் கொடுத்தால் ஆபத்து எதுவும் உடனே தெரியாது, பயன்தான் இருக்காது. கேப்ஸ்யூலையும் கேட்காமல் திறந்து கொட்டக் கூடாது. இரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் டாபிகாட்ரான் கேப்ஸ்யூலைத் திறந்து உள்ளிருக்கும் குருணையை மட்டும் கொடுத்தால், உடம்பில் சேரும் மருந்து 75 சதவீதம் வரை கூடும் என்று அதன் தயாரிப்புக் குறிப்பே எச்சரிக்கிறது. இரத்தக்கசிவுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

எப்படிக் கண்டுபிடிப்பது? அட்டையில் மருந்துப் பெயருக்குப் பின்னால் நிற்கும் எழுத்துகளைப் படியுங்கள். எஸ்ஆர், இஆர், எக்ஸ்ஆர், எக்ஸ்எல், சிஆர், எம்ஆர், ஓடி, ரிடார்ட் என்று இருந்தால் அது பெரும்பாலும் மெதுவாகக் கசியும் மாத்திரை. இசி, டிஆர் என்றால் பூச்சு மாத்திரை. உரலை அதன் பக்கம் கொண்டுபோகாதீர்கள். இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் மெட்டோபிரோலால் எக்ஸ்எல்லில், நடுவில் கோடு போட்ட சில மாத்திரைகளைக் கோட்டோடு இரண்டாகப் பிளக்கலாம், ஆனால் மெல்லவோ பொடிக்கவோ கூடாது; இப்படிப்பட்ட விதிவிலக்குகள் இருப்பதால்தான் ஊகிக்காமல் கேளுங்கள் என்கிறேன். எழுத்து எதுவும் இல்லை என்பதாலேயே இடிக்கலாம் என்றும் பொருளில்லை. மருந்தாளுநருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு, இரண்டு நிமிடம். பல மருந்துகளுக்குச் சிரப்போ, தண்ணீரில் கரையும் மாத்திரையோ, வேறு மாற்று மருந்தோ கிடைக்கிறது. வலிப்புக்கான சோடியம் வால்ப்ரோயேட் சிரப் கடையில் இருக்கும்போது அதன் சிஆர் மாத்திரையைப் போட்டு இடித்துக்கொண்டிருப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்? ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: மாத்திரைக்கு மாற்றாக எந்த சிரப், எத்தனை மில்லி, ஒரு நாளைக்கு எத்தனை வேளை என்பதை மருத்துவர்தான் எழுத வேண்டும்.

இடிக்கும் கைகளைப் பற்றியும் ஒரு சொல். உதவியாளர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். புரோஸ்டேட் வீக்கத்துக்குத் தாத்தாக்களுக்குக் கொடுக்கும் ஃபினாஸ்டெரைடு மாத்திரையின் பொடி கர்ப்பிணிகளின் கையில் படவே கூடாது. வயிற்றிலிருக்கும் ஆண் சிசுவுக்கு அது கேடு. இதை எந்த இல்லத்திலாவது அந்தப் பெண்களிடம் யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று கேட்டால், பதில் எனக்கு முன்பே தெரியும்.

மூக்குக்குழாய், அதாவது ரைல்ஸ் டியூப் போட்டவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும். எல்லா மருந்தையும் ஒரே கிண்ணத்தில் கலக்கிச் சிரிஞ்சில் ஏற்றித் தள்ளுவது நம் ஊர் வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு மருந்தையும் தனித்தனியே கொடுக்க வேண்டும், இடையிடையே தண்ணீர் விட வேண்டும், தலைப்பக்கத்தை உயர்த்தியே வைத்திருக்க வேண்டும். வலிப்பு மருந்தான ஃபெனிடாய்ன் சிரப்பை ஃபீடுடன், அதாவது குழாய்வழி ஊட்டும் உணவுடன் சேர்த்துக் கொடுத்தால் அது சரியாக உடம்பில் சேராது. எவ்வளவு நேரம் இடைவெளி விடுவது என்று மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள். அந்தப் பாட்டிலைக் குலுக்காமல் ஊற்றினால் மாதத் தொடக்கத்தில் நீர்த்த மருந்தும், மாதக் கடைசியில் அடியில் தங்கிய கெட்டி மருந்தும் போகும். முதல் வாரம் வலிப்பு, கடைசி வாரம் தள்ளாட்டம் என்று ஒரு பெரியவரின் நோய் “விசித்திரமாக” இருந்ததற்கு அதுதான் காரணம்.

இன்சுலினுக்கு வருவோம். நம் நாட்டில் இன்சுலின் குப்பிகளில் பெரும்பாலானவை ஒரு மில்லிக்கு 40 யூனிட். பேனாவில் போடும் கார்ட்ரிட்ஜ் ஒரு மில்லிக்கு 100 யூனிட். சிவப்பு மூடிச் சிரிஞ்சு 40க்கு, ஆரஞ்சு மூடி 100க்கு. பேனா பழுதாகிவிட்டதென்று கார்ட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே இருப்பது 20 யூனிட் அல்ல, 50 யூனிட். மாற்றிச் செய்தால், அதாவது 40 குப்பியிலிருந்து ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சில் 20 கோடு வரை எடுத்தால், 8 யூனிட்தான். குப்பியில் எழுதியிருக்கும் எண்ணும் சிரிஞ்சில் எழுதியிருக்கும் எண்ணும் ஒன்றாக இல்லாவிட்டால் ஊசியைக் கீழே வையுங்கள். கார்ட்ரிட்ஜிலிருந்து சிரிஞ்சால் இழுப்பது எந்த அவசரத்திலும் வேண்டாம். சாப்பிடாதவருக்கு “நேரமாயிற்று” என்று சுகர் மாத்திரையையோ ஊசியையோ கொடுத்துவிடுவதும் வேண்டாம். தட்டு திரும்பி வந்தால் முதலில் செவிலியரை அழையுங்கள்.

முடக்குவாதத்துக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரு நாள்தான். அதனுடன் எழுதப்படும் ஃபோலிக் அமில மாத்திரையும் சிறியது, பல சமயம் அதுவும் மஞ்சள் நிறம். இரண்டும் இடம் மாறித் தினமும் மெத்தோட்ரெக்ஸேட் போனால் வாயெல்லாம் புண்ணாகி, இரத்த அணுக்கள் குறைந்து, உயிரே போகலாம். எந்தக் கிழமை என்பதைச் சீட்டில் முழுச் சொல்லாக எழுதி வாங்குங்கள், மற்ற ஆறு நாளும் அந்த அட்டையை அலமாரியில் பூட்டி வையுங்கள்.

மருத்துவர்களிடமும் எனக்கு மனத்தாங்கல் உண்டு. “½” என்று அவர்கள் எழுதுவதை “1-2” என்று படித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். எஸ்ஓஎஸ் என்றால் தேவைப்பட்டால் மட்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். பயிற்சி மையத்திலிருந்து போன வாரம் வந்த உதவியாளருக்கு அது இன்னொரு வேளை மாத்திரை. டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு வணிகப் பெயர், பழைய அட்டையில் வேறொரு வணிகப் பெயர், உள்ளே இருப்பதோ ஒரே மருந்து. பழையதை நிறுத்தச் சொல்லி ஒரு வரி எழுதியிருந்தால் போதும், எழுதுவதில்லை. இரட்டை மருந்தாகப் போய்க்கொண்டிருக்கும். இரத்த அழுத்த மருந்தான டெல்மிசார்டனுடன் ஏஎம் என்று சேர்ந்திருந்தால் அதற்குள் அம்லோடிபின் என்ற இன்னொரு இரத்த அழுத்த மருந்தும் இருக்கிறது என்பதும், தனியாக அம்லோடிபின் வேறு தேவையா என்று கேட்க வேண்டும் என்பதும் உதவியாளரின் பொறுப்பல்ல, எழுதுகிறவரின் பொறுப்பு. கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அட்டையை வெட்டிக் கொடுக்கும்போது பெயரும் காலாவதித் தேதியும் இருக்கும் பக்கத்தை வெட்டி உங்களிடம் வைத்துக்கொள்ளாதீர்கள்.

வெளிநாட்டில் இதெல்லாம் நடக்காது என்று ஒரு இல்ல உரிமையாளர் என்னிடம் சொன்னார். இங்கிலாந்தில் 55 பராமரிப்பு இல்லங்களில் 256 பேரை ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட முடிவில், பத்தில் ஏழு பேருக்கு மருந்து எழுதுவதிலோ, வழங்குவதிலோ, கொடுப்பதிலோ, கண்காணிப்பதிலோ ஏதாவதொரு தவறு நடந்திருந்தது. அவர்கள் அதை எண்ணிப் பார்த்தார்கள், நாம் எண்ணவில்லை. வித்தியாசம் அவ்வளவே.

சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்ற ஐந்தும் எல்லாப் பயிற்சி மையங்களின் சுவரிலும் ஒட்டியிருக்கின்றன, எல்லா மாணவிகளும் ஒப்பிக்கிறார்கள். “சரியான வழி” என்பதில் மாத்திரையின் உருவமும் அடங்கும் என்று ஒருவரும் சொல்லித் தருவதில்லை. மேற்பார்வையாளர்களே, உங்கள் இல்லத்தில் மருந்துப் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். இரவு எட்டு மணி மருந்துக்கு மதியமே கையெழுத்து விழுந்திருந்தால், அந்தப் பதிவேடு இருப்பதும் இல்லாததும் ஒன்று. கொடுத்த பிறகு, நோயாளி விழுங்கியதைப் பார்த்த பிறகுதான் கையெழுத்து. நோயாளி மறுத்தால் “மறுத்தார்” என்று எழுதுங்கள். சோற்றில் ஒளித்துக் கொடுத்து ஏமாற்றுவது, சுயநினைவோடு வேண்டாம் என்று சொல்லும் மனிதருக்குச் செய்யும் அவமதிப்பு. மறதி நோயாளிக்கு அப்படித்தான் கொடுத்தாக வேண்டும் என்றால் அந்த முடிவை மருத்துவரும் குடும்பத்தாரும் சேர்ந்து எடுத்து எழுதிவைக்கட்டும்.

உதவியாளர்களாகிய என் தங்கைகளிடம் கெஞ்சிக் கேட்கிறேன். புரையேறுகிறது என்றால் அது நீங்கள் இடித்துத் தீர்க்க வேண்டிய பிரச்சினை அல்ல. நீங்கள் மேலே சொல்ல வேண்டிய செய்தி. இரவு பதினொரு மணியானாலும் செவிலியரை எழுப்புங்கள். திட்டினால் திட்டட்டும். “தெரியவில்லை, கேட்டுவிட்டுக் கொடுக்கிறேன்” என்று சொன்னதற்காக ஒரு பெண்ணை வேலையை விட்டு நீக்கிய இல்லம் ஒன்றை நான் அறிவேன். அதன் பிறகு அங்கே கேள்வி கேட்கும் ஆளே இல்லாமல் போயிற்று. உரிமையாளர்கள் இதை யோசிக்க வேண்டும்.

தவறாகக் கொடுத்துவிட்டோம் என்று தெரிந்தால் மறைக்காதீர்கள், “தூங்கினால் சரியாகிவிடும்” என்று படுக்க வைக்காதீர்கள். உடனே செவிலியருக்கும் மருத்துவருக்கும் சொல்லுங்கள். இரத்த அழுத்தம், நாடி, சர்க்கரை பார்த்து நேரத்துடன் எழுதுங்கள். சர்க்கரை இறங்கி, நினைவிருந்து விழுங்கவும் முடிந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். நினைவில்லாவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல், ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து 108ஐ அழையுங்கள். வாந்தி எடுக்க வைக்க முயலாதீர்கள். கொடுத்த மாத்திரைகளின் அட்டைகளையெல்லாம், காலியானதாக இருந்தாலும், ஒரு பையில் போட்டு நோயாளியோடு ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்புங்கள். கொடுத்த நேரத்தை அந்தப் பையின் மேலேயே எழுதிவிடுங்கள்.