ரிஹாப்: மறுவாழ்வா, தேற்றமா?

மாமாவுக்கு ஹார்ட் ஃபெயிலியர். மருந்தெல்லாம் எழுதி முடித்த டாக்டர், "கார்டியாக் ரிஹாபுக்கும் எழுதியிருக்கேன், விடாம வந்துடுங்க" என்றார். அத்தைக்கு முகம் சுருங்கிவிட்டது. "இன்னா டாக்டர், இவரு பீடி கூட தொட்டதில்லியே!"

அத்தையைக் குறை சொல்ல முடியாது. ரிஹாப் என்றால் நமக்குக் குடியை விடவைக்கும் இடம்தான். டாக்டர் சொன்னதோ, மேற்பார்வையில் உடற்பயிற்சி கொடுத்து, பயத்தையும் போக்கி, இதய நோயாளியைத் தெம்பாக்கும் சிகிச்சை. 'இதய மறுவாழ்வு' என்று தமிழில் எழுதினாலும் சிக்கல் தீர்வதில்லை. வேலூர்க்காரருக்கு மறுவாழ்வு என்றதும் மேல்மொணவூரில் உள்ள இலங்கைத் தமிழர் முகாம் நினைவுக்கு வரும். 2021-ல் இத்தகைய முகாம்களின் பெயரில் 'அகதிகள்' போய் 'மறுவாழ்வு' வந்தது. வாழ்வையே தொலைத்தவருக்கான சொல் அது. மாமா எதையும் தொலைக்கவில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, அவ்வளவுதான்.

லத்தீனில் 'ஹாபிலிஸ்' என்றால் தகுதியுள்ள, ஏற்ற என்று பொருள். 'ரீ' என்பது மறுபடியும். பறிபோன பதவியையும் உரிமையையும் திருப்பித் தருவதைத்தான் இடைக்கால லத்தீனில் 'ரிஹாபிலிடாரே' என்றார்கள். உடம்பைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தது வெகு காலம் கழித்து.

ஃபெயிலியரை 'செயலிழப்பு' என்று எழுதுவதும் எனக்கு ஒப்பவில்லை. செயலே இழந்த இதயத்தோடு யார் நடக்கத் துணிவார்? உடம்புக்கு வேண்டிய அளவு ரத்தத்தைத் தள்ள இதயத்துக்குத் தெம்பு போதவில்லை. 'இதயத் தளர்ச்சி' என்றால் போதுமே.

சரி, ரிஹாபுக்கு? சொல் அத்தையிடமே இருந்தது. விவரம் புரிந்ததும், "அப்ப ஆளைத் தேத்தணும்னு சொல்லுங்க" என்றார். உடம்பு தேறுகிறது, கலங்கிய தண்ணீர் தேறுகிறது. தண்ணீரைத் தெளியவைக்கும் தேற்றாங்கொட்டைக்குப் பெயர் வந்ததும் அதனால்தான். தேறுவது தானாக நடப்பது, தேற்றுவது இன்னொருவர் செய்வது. பயந்தவருக்கு ஆறுதல் சொல்வதும் தேற்றுவதே. பயிற்சி, பயம் போக்குதல் இரண்டும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. 'இதயத் தேற்றம்' என்றால் கணக்கு வாத்தியார்கள் பித்தகோரஸைக் கூட்டிக்கொண்டு சண்டைக்கு வருவார்கள். அதனால் 'இதயத் தேற்றுப் பயிற்சி' என்கிறேன்.

ஒரு காலத்தில் இந்த நோய்க்குப் படுக்கையே மருந்து. 2009-ல் வெளியான, 2,331 நோயாளிகளைக் கொண்ட ஓர் ஆய்வு, நோய் மோசமாகாமல் கட்டுக்குள் இருப்பவர்களுக்கு மேற்பார்வையில் தொடங்கும் உடற்பயிற்சி பாதுகாப்பானது என்று காட்டியது. மாமாவை முதலில் ஆறு நிமிடம் நடக்கவிட்டு, எவ்வளவு தூரம் போகிறார் என்று அளந்தார்கள். அதை வைத்துத்தான் எவ்வளவு நடக்கலாம் என்று சொன்னார்கள்.

இப்போது வெயில் ஏறுவதற்குள், அத்தையோடு வேலூர்க் கோட்டைக்குள் நடக்கிறார். ஜலகண்டேஸ்வரர் கோயில் வாசலில் ஆரம்பம். பேசிக்கொண்டே நடக்க முடிந்தால் வேகம் சரி. பதில் சொல்லத் திணறினால் அதிகம். அத்தை கூட வரும்போது பேச்சுக்குப் பஞ்சமில்லை, அளவுகோல் பக்கத்திலேயே இருக்கிறது. தலைசுற்றலோ நெஞ்சுவலியோ வந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும். கிளம்பும் முன் தினமும் எடை பார்க்கிறார்கள். மூன்று நாளில் இரண்டு கிலோ கூடினால் அது சதையல்ல, உடம்பில் தங்கிய நீர். அன்றைக்குக் கோட்டை கிடையாது, நேரே டாக்டர்தான்.