சீசன்: விதைப்புங்கிற பொருள்ல பிறந்த ஒரு சொல்

சீசன்ங்கிற சொல்லை நாம யாருமே வெளிச்சொல்லா நினைக்கிறதில்ல. குற்றாலத்துல சீசன் ஆரம்பிச்சாச்சா, மாம்பழ சீசன் முடிஞ்சிடுச்சா, ட்ரெய்னுக்கு இந்த மாச சீசன் எடுத்தாச்சான்னு தாத்தா காலத்துல இருந்தே பேசிட்டுதான் இருக்கோம், அதுல ஒரு தப்பும் இல்ல. ஆனா விளையாட்டைப் பத்தி தமிழ்ல எழுத உட்கார்ந்தா இந்த ஒரு சொல்லுதான் எழுதுறவங்களைப் படுத்துது. ஒருத்தர் "தொடர்"னு எழுதுறாரு, இன்னொருத்தர் "ஆண்டு"ன்னு எழுதுறாரு, "காலம்"னு மொட்டையா விட்டுட்டுப் போறவங்களும் இருக்காங்க. எது சரின்னு எனக்கு ஒரு உறுதியான கருத்து இருக்கு, அதைச் சும்மா அகராதியை வெச்சு சொல்றதை விட ஒரு நிஜ சீசனை வெச்சு சொன்னா நல்லா புரியும். அதுக்கு நான் எடுத்துக்கிறது 1899ல அமெரிக்காவோட ஒகையோ மாநிலத்துல இருந்த கிளீவ்லாந்து ஸ்பைடர்ஸ்ங்கிற பேஸ்பால் டீம் ஆடின சீசன்.

முதல்ல சொல்லோட பிறப்பு. லத்தீன்ல "சேரெரே"ன்னா விதைக்கிறது. அதுல இருந்து வந்தது "சத்தியோ", அப்படின்னா விதைப்பு. அது பழைய பிரெஞ்சுல "செய்சோன்"னு மாறி, விதைக்கிற வேலையைக் குறிச்ச சொல்லு விதைக்கிறதுக்கு ஏத்த நேரத்தைக் குறிக்க ஆரம்பிச்சு, அப்புறம் எந்த ஒரு காரியத்துக்கும் ஏத்த காலம்னு விரிஞ்சுது. 1300 வாக்குல இங்கிலீஷுக்குள்ள வந்தது. சமையல்ல உப்பு மசாலா சேர்க்கிறதை சீசனிங்னு சொல்றாங்களே, அதுவும் இதே வேர்தான், நாள்பட்டு பழுத்து பக்குவம் வர்றதுங்கிற எண்ணத்துல இருந்து வந்த பொருள். வெட்டின மரத்தைக் காய வெச்சு "சீசன் பண்ண கட்டை"ன்னு ஆசாரிங்க சொல்றதும் அதே பக்குவம்தான்.

இந்த இடத்துல எனக்கு ஒரு சிலிர்ப்பே வரும், ஏன்னா நம்ம பக்கமும் ஏத்த காலத்தைச் சொல்ற சொல்லு விதைப்போடதான் ஒட்டிக்கிட்டு இருக்கு. ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சொல்றோம்ல, அந்தப் பட்டம் விதைக்கிற காலம்தான். பருவத்தே பயிர் செய்னு ஒண்ணாங்கிளாஸ்ல படிச்சோம்ல, அதுல பருவமும் பயிரும் பக்கத்துல பக்கத்துல நிக்குது. லத்தீன்காரனும் நம்ம ஆளும் ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்காமலே நிலத்தைப் பார்த்துதான் காலத்துக்குப் பேர் வெச்சிருக்காங்க.

விளையாட்டுல சீசன்னா என்ன? அது ஒரு கப்புக்காக ரெண்டு மூணு வாரம் நடக்கிற போட்டி இல்ல. பேஸ்பால்ல பார்த்தா, ஏப்ரல்ல தொடங்கி அக்டோபர் வரைக்கும் கிட்டத்தட்ட தினமும் ஆடி, ஜெயிச்சது எத்தனை தோத்தது எத்தனைன்னு எல்லாத்தையும் சேர்த்து கடைசியில கணக்குப் பார்க்கிறது. ஒரு நாள் மழை பொய்ச்சா பயிர் போயிடாது, ஒரு நாள் தோத்தா சீசன் போயிடாது, மொத்த விளைச்சல்தான் கணக்கு. அதனாலதான் ஏப்ரல்ல கையில என்ன விதை இருக்குங்கிறது அவ்வளவு முக்கியம். ஸ்பைடர்ஸ் கிட்ட விதையே இல்லாமப் பண்ணிட்டாங்க.

கிளீவ்லாந்து ஆடின பேஸ்பால் லீக்குக்கு நேஷனல் லீக்னு பேரு, அப்போ அதுல 12 டீம். கிளீவ்லாந்து மோசமான டீம் கிடையாது, 1895ல பால்டிமோரைத் தோற்கடிச்சு, லீக்ல முதல் ரெண்டு இடம் வந்த டீமுங்க மோதுற டெம்பிள் கப்பை வாங்கினவங்க, 1898லயும் 81 ஆட்டம் ஜெயிச்சு அஞ்சாவது இடத்துல முடிச்சவங்க. சை யங் அந்த டீம்லதான் பிட்சரா, அதாவது பந்து வீசுறவரா இருந்தாரு, பேஸ்பால்ல ஆட்டத்தோட வெற்றி தோல்வியை பிட்சர் பேர்லயும் எழுதுவாங்க, அந்தக் கணக்குல வாழ்நாள்ல 511 ஆட்டம் ஜெயிச்ச மனுஷன், இன்னைக்கு வருஷா வருஷம் சிறந்த பிட்சருக்குக் கொடுக்கிற விருதே அவர் பேர்லதான் இருக்கு. டீம் ஓனருங்க ஃபிராங்க் ராபிசன், ஸ்டான்லி ராபிசன்னு அண்ணன் தம்பி, ஊர்ல டிராம் ஓட்டுற கம்பெனி நடத்துனவங்க. கிளீவ்லாந்துல ஞாயித்துக்கிழமை ஆடுறதுக்குத் தடை இருந்தது, வேலைக்குப் போறவன் மேட்ச் பார்க்க வர்றதே அன்னைக்குத்தான், அதனால கூட்டமும் இல்ல காசும் இல்லன்னு அவங்களுக்குப் புழுக்கம். அந்த நேரத்துல அதே லீக்ல ஆடின செயின்ட் லூயிஸ் ஊர் டீம் கடன்ல மூழ்கி ஏலத்துக்கு வந்துச்சு. 1899 ஆரம்பத்துல, ஆட்டம் தொடங்க சில வாரம் இருக்கும்போது, அதையும் ராபிசன்களே எடுத்துக்கிட்டாங்க. ஒரே லீக்ல ஒரே குடும்பத்துக்கு ரெண்டு டீம், அன்னைக்கு அதைத் தடுக்க யாரும் இல்ல. செயின்ட் லூயிஸ்ல ஞாயித்துக்கிழமை ஆடலாம், ஊரும் பெருசு. அதனால சை யங், ரெண்டு வருஷம் தொடர்ந்து .400க்கு மேல, அதாவது பத்து தடவைக்கு நாலு ஹிட்டுக்கு மேல, பேட்டிங் ஆவரேஜ் வெச்சிருந்த ஜெஸ்ஸி பர்க்கெட், பாபி வாலஸ், மேனேஜர் பாட்சி டெபோன்னு தேறின ஆளுங்க எல்லாரையும் அங்க அனுப்பிட்டாங்க. செயின்ட் லூயிஸ்ல வேண்டாம்னு ஒதுக்கின ஆளுங்க கிளீவ்லாந்துக்கு வந்தாங்க. விதைநெல்லை அள்ளிப் பக்கத்து வயலுக்குக் கொடுத்துட்டு பதரை இங்க தூவுன மாதிரி, வேற எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல.

ஏப்ரல் 15, முதல் ஆட்டம், அதுவும் செயின்ட் லூயிஸ்லயே. எதிர்ப்பக்கம் பிட்ச் பண்ண வந்தது சை யங். போன வருஷம் வரைக்கும் தங்களோட ஆளா இருந்தவரு. 10-1ன்னு தோத்தாங்க.

அதுக்கப்புறம் தோல்விக்கு மேல தோல்வி. லேவ் கிராஸ்னு ஒரு நல்ல ஆட்டக்காரர் மேனேஜரா இருந்து 8 ஜெயிச்சு 30 தோத்தாரு, அவரையும் விட்டு வைக்காம செயின்ட் லூயிஸுக்குக் கூப்பிட்டுக்கிட்டாங்க. அடுத்து ஜோ குயின், ஆஸ்திரேலியாவுல பிறந்தவர், அவர் கையில 12 வெற்றி 104 தோல்வி. ஜிம் ஹ்யூயின்னு ஒரு பிட்சர் 4 ஜெயிச்சு 30 தோத்தாரு, அவ்வளவு தோத்தும் அடுத்த நாள் பந்தை எடுத்துக்கிட்டுப் போயிருக்காரு பாருங்க, அதை நினைச்சா எனக்கு அந்த மனுஷன் மேல மரியாதைதான் வருது. கிளீவ்லாந்து ஜனங்களுக்கு நடந்தது என்னன்னு நல்லாவே தெரியும், அவங்க கிரவுண்டுக்கு வர்றதை நிறுத்திட்டாங்க. சொந்த ஊர்ல ஆடின 42 ஆட்டத்துக்கும் சேர்த்து வந்தது 6,088 பேர், ஒரு ஆட்டத்துக்கு சராசரியா 145 பேர். வெளியூர் டீமுக்கு டிக்கெட் வசூல்ல ஒரு பங்கு உண்டு, கிளீவ்லாந்துக்கு வந்தா அந்தப் பங்கு ஓட்டல் செலவுக்குக்கூடப் பத்தாதுன்னு மத்த டீமுங்க வர மாட்டோம்னு சொல்லிட்டாங்க. அதனால ஜூலைக்கு மேல பெரும்பாலும் ஊர் ஊரா ரயில்ல போய்த்தான் ஆடினாங்க, நாடோடிங்கன்னு பத்திரிகையில பேரே மாறிப் போச்சு. வெளியூர்ல மட்டும் 112 ஆட்டம், அதுல 101 தோல்வி. இப்போ ஒரு டீமுக்கு வெளியூர் ஆட்டமே 81தான், அதனால இதை இனி யாரும் தாண்டவே முடியாது.

மொத்தக் கணக்கு 154 ஆட்டத்துல 20 வெற்றி, 134 தோல்வி. முதல் இடம் வந்த புரூக்ளினுக்கு 84 ஆட்டம் பின்னாடி. சரி பதினோராவது இடத்துக்காவது பக்கத்துல இருந்தாங்களான்னா அதுக்கும் 35 ஆட்டம் பின்னாடி. ஆகஸ்ட் கடைசியில இருந்து தொடர்ந்து 24 தோல்வி ஒரு தடவை. அக்டோபர் 15 சின்சினாட்டியில கடைசி நாள், பிட்ச் பண்ண ஆள் கூட சரியா இல்லாம, சுருட்டுக் கடையில வேலை பார்த்த எடி கோல்ப்ங்கிற சின்னப் பையனை நிக்க வெச்சாங்க. 19-3ன்னு தோத்து முடிஞ்சுது. அடுத்த வருஷம் லீக்கை 8 டீமா குறைச்சப்போ கிளீவ்லாந்தையும் தூக்கிட்டாங்க.

இப்போ சொல்லுக்கு வர்றேன். இந்த ஆறு மாசத்தைத் தமிழ்ல என்னன்னு எழுதுவீங்க? "தொடர்"னு எழுதினா மாட்டிக்குவீங்க, ஏன்னா பேஸ்பால்ல ஒரே ஊர்ல ஒரே டீமோட அடுத்தடுத்த நாள் மூணு நாலு ஆட்டம் ஆடுறாங்க, சீரிஸ்னு சொல்ற அதுக்குத்தான் தொடர்ங்கிற சொல்லு வேணும். கிரிக்கெட்லயே டெஸ்ட் தொடர்னு நமக்கு அது நல்லா பழகிடுச்சு. சீசனுக்கும் அதையே போட்டா "1899 தொடரில் ஒரு தொடரைக்கூட"ன்னு எழுத வேண்டி வரும். "ஆண்டு"ன்னு எழுதினாலும் சரிவராது, ராபிசன்கள் செயின்ட் லூயிஸ் டீமை எடுத்ததும் அதே 1899தான், ஆனா அது சீசனுக்கு முன்னாடி நடந்தது, அந்த முன்பின் தெரியலைன்னா இந்தக் கதையே புரியாது. "காலம்"னா எல்லை இல்லாத சொல்லு, எப்போ தொடங்குது எப்போ முடியுதுன்னு அதுல இல்ல.

"பருவம்"தான் சரி, வானிலையோட குழம்பும்னு பயந்தா "ஆட்டப் பருவம்"னு எழுதலாம். தொடக்கம் இருக்கு, முடிவு இருக்கு, நடுவுல வளர்ச்சி இருக்கு, விதைப்புங்கிற பழைய வேரும் உள்ளுக்குள்ள இருக்கு. "பட்டம்" இன்னும் நெருக்கமான சொல்லுதான், எனக்கு ரொம்பப் பிடிச்சதும் அதுதான், ஆனா விளையாட்டுல பட்டம் வென்றார்னா சாம்பியன் ஆனார்னு அர்த்தம் வந்துடும், கடைசி இடம் வந்த டீமைப் பத்தி எழுதும்போது அது ஆகாது. "போகம்" அறுவடையை எண்ணுறதுக்குப் பொருத்தம், முப்போகம்னு சொல்ற மாதிரி, ஆட்டத்துக்கு ஒட்டாது.

ஆஃப் சீசனை "பருவ இடைவெளி"ன்னு எழுதலாம், முதல் ஆட்டம் "பருவத் தொடக்க ஆட்டம்". கிளீவ்லாந்து ஸ்பைடர்ஸ் 1899 ஆட்டப் பருவத்தில் 20 ஆட்டங்களை மட்டுமே வென்றதுன்னு எழுதிப் பாருங்க, எங்கயும் இடறாது. பேசும்போது சீசன்னே பேசலாம், ரயில்வே கவுண்டர்ல எடுக்கிற சீசன் டிக்கெட்டும் அப்படியே இருந்துட்டுப் போகட்டும், அதை எல்லாரும் அந்தப் பேர்லதான் கேட்டு வாங்குறாங்க.