நீதிபதி வாயிலிருந்து சட்டப் புத்தகம் வரை

1803 பிப்ரவரி 24-ம் தேதி அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல், மார்பரி - மாடிசன் வழக்கின் தீர்ப்பை வாசித்தார். நாடாளுமன்றமே இயற்றிய சட்டமானாலும், அரசியல் சாசனத்துக்கு முரணாக இருந்தால் அது செல்லாது என்று சொல்லும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு என்பது அதன் சாரம். இன்று உலகின் பல நாடுகளில் நீதிமன்றங்கள் இதே வேலையைச் செய்கின்றன. இவ்வளவு பெரிய தீர்ப்பை அன்று நேரில் கேட்டவர்கள் சிலர்தான். அதைப் புத்தகமாக அச்சிட்டுக் கொடுக்க நீதிமன்றத்திடம் எந்த ஏற்பாடும் இல்லை, அரசிடமும் இல்லை. வில்லியம் கிரான்ச் என்பவர் தன் சொந்தப் பொறுப்பில் தொகுத்து 1804-ல் வெளியிட்ட புத்தகத்தில்தான் அது வக்கீல்கள் எடுத்துக்காட்டும் வடிவத்துக்கு வந்தது.

அமெரிக்கா இங்கிலாந்திடமிருந்து பெற்றது முன்தீர்ப்புகளின் மேல் நிற்கும் சட்ட முறை. இதில் நேற்றைய வழக்கில் நீதிபதி சொன்ன காரணம் இன்றைய வழக்குக்கு விதியாகிறது. வக்கீல் எழுந்து நின்று, “இதே கேள்விக்கு இந்த நீதிமன்றம் ஏற்கெனவே இப்படிப் பதில் சொல்லியிருக்கிறது” என்று வாதாட வேண்டும். அதற்கு அந்தப் பதில் அச்சில் இருக்க வேண்டும், எந்தப் பக்கம் என்று காட்டவும் முடிய வேண்டும். அச்சில் ஏறாத தீர்ப்பு அந்த வழக்கின் இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். அடுத்த ஊர் நீதிமன்றத்தில் அதை எடுத்துவைக்க வழியில்லை. இதனால் தீர்ப்பைப் பதிவுசெய்கிற ஆளும் சட்டம் உருவாவதில் ஒரு பங்காளியாகிவிடுகிறார். அவரை ‘ரிப்போர்ட்டர்’ என்றார்கள். பத்திரிகை நிருபர் என்று நினைத்துவிடக் கூடாது, இவர் தீர்ப்புத் தொகுப்பாளர்.

முதல் தொகுப்பாளர் அலெக்சாண்டர் டாலஸ் என்ற ஃபிலடெல்ஃபியா வக்கீல். யாரும் அவரை நியமிக்கவில்லை, சம்பளமும் கிடையாது. 1790-ல் அவர் வெளியிட்ட முதல் தொகுதியில் இருப்பவை பென்சில்வேனியா மாநில நீதிமன்றங்களின் வழக்குகள். பிறகு உச்ச நீதிமன்றம் ஃபிலடெல்ஃபியாவுக்கு வந்து உட்கார்ந்ததால் அதன் தீர்ப்புகளையும் சேர்த்துக்கொண்டார். இன்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் அதிகாரபூர்வத் தொகுப்பில் ‘தொகுதி 1’ என்று எண்ணிடப்பட்டிருப்பது அந்தப் புத்தகம்தான். அதில் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு ஒன்றுகூட இல்லை!

டாலஸின் பெரிய குறை தாமதம். ஒரு மாநிலத்தின் மீது வேறு மாநிலத்துக்காரர் வழக்குப் போடலாம் என்று 1793-ல் சிஷோம் - ஜார்ஜியா வழக்கில் தீர்ப்பு வந்தது. மாநிலங்கள் கொந்தளித்தன. அதை ரத்துசெய்யும் பதினோராவது சாசனத் திருத்தத்துக்கு 1795-க்குள் போதுமான மாநிலங்கள் ஒப்புதலும் கொடுத்துவிட்டன. அந்தத் தீர்ப்பு டாலஸின் புத்தகத்தில் வெளிவந்ததோ 1798-ல். தீர்ப்பு காலாவதியான பிறகுதான் தொகுப்பே கைக்கு வந்தது. விற்பனையும் அவருக்குக் கைகொடுக்கவில்லை. மிச்சப் பிரதிகளைத் திரும்ப வாங்கி எலிகளுக்குப் போட்டுவிடப் போவதாக ஒரு கடிதத்தில் மனம் வெறுத்து எழுதினார். 1800-ல் தலைநகரம் வாஷிங்டனுக்கு மாறியபோது அவர் கூடப் போகவில்லை.

அடுத்து வந்த கிரான்ச் வாஷிங்டனில் ஒரு நீதிபதி. நீதிபதி வேலையைப் பார்த்துக்கொண்டே உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளையும் தொகுத்தார். இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தவர் இவர்தான், காரணம் அவருடைய முதல் தொகுதியின் முன்னுரை. சட்டத்தின் ஆட்சி என்று சொல்லிக்கொள்ளும் நாட்டில் நீதிபதியின் விருப்பு வெறுப்புக்கு மிகக் குறைந்த இடமே இருக்க வேண்டும் என்கிறார். அச்சில் வந்த ஒவ்வொரு தீர்ப்பும் நீதிபதிக்கு ஒரு கடிவாளம். அடுத்த முறை அதே மாதிரி வழக்கில் வேறு விதமாகத் தீர்ப்பளிக்க நினைத்தால், வலுவான காரணத்தை அவர் ஊரறியச் சொல்லியாக வேண்டும் என்று அவர் வாதிடுகிறார். தீர்ப்புகளை ஏன் வெளியிட வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் படித்ததில்லை.

கிரான்சுக்கு ஒரு வசதியும் அமைந்தது. சிஷோம் வழக்கில் ஐந்து நீதிபதிகளும் தனித்தனியே ஆளுக்கொரு தீர்ப்புரை சொன்னார்கள். நீதிமன்றம் மொத்தமாக என்ன சொன்னது என்பதை வாசகர்தான் கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டியிருந்தது. 1801-ல் தலைமை நீதிபதியான மார்ஷல் அந்த வழக்கத்தை மாற்றினார். முக்கியமான வழக்குகளில் எல்லோர் சார்பிலும் ஒரே தீர்ப்புரை, அதுவும் பெரும்பாலும் எழுத்தில். தொகுப்பாளர் காதால் கேட்டுக் குறிப்பெடுத்துத் திணற வேண்டியதில்லை. கையெழுத்துப் பிரதியை வாங்கி அச்சுக்கு அனுப்பலாம்.

சரி, அப்படியானால் தொகுப்பாளருக்கு என்னதான் வேலை? நிறையவே இருந்தது. வழக்கின் கதையைச் சுருக்கி எழுதுவார். இரு தரப்பு வக்கீல்களும் நாள்கணக்கில் பேசிய வாதங்களைக் குறிப்பெடுத்துச் சில பக்கங்களுக்குள் அடக்குவார். தீர்ப்பு நிலைநாட்டிய விதி என்ன என்று சில வரிகளில் தலைக்குறிப்பு எழுதி மேலே வைப்பார். அதற்கெல்லாம் கீழேதான் நீதிபதியின் சொற்கள். அவசரத்தில் இருக்கும் வக்கீல் முதலில் படிப்பது தலைக்குறிப்பை. அதை எழுதியவர் நீதிபதி அல்ல என்பது பலருக்கு நினைவிலேயே இருக்காது. வாதங்களில் எது தங்கும், எது காணாமல் போகும் என்பதும் அவர் கையில் இருந்தது. டார்ட்மத் கல்லூரி வழக்கில் வக்கீல் டேனியல் வெப்ஸ்டர் உருக்கமாகப் பேசி முடித்த பகுதி அமெரிக்கர்கள் இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்வது. ஆனால் 1819-ல் தீர்ப்பான அந்த வழக்கின் அதிகாரபூர்வத் தொகுப்பில் அது இல்லை. கேட்டவர் ஒருவர் பல பத்தாண்டுகளுக்குப் பிறகு நினைவிலிருந்து எழுதியதால்தான் நமக்குக் கிடைத்தது.

அந்தத் தொகுப்பைச் செய்தவர் ஹென்றி வீட்டன். 1816-ல் வேலையை எடுத்துக்கொண்டவர். நீதிமன்றம் கூடும் வாரங்களில் நீதிபதி ஜோசப் ஸ்டோரியோடு ஒரே இடத்தில் தங்குவார். அவர் புத்தகங்களின் பின்னால் வரும் ஆழமான சட்டக் குறிப்புகள் பலவற்றை ஸ்டோரியே பெயர் போடாமல் எழுதிக்கொடுத்தார். 1817-ல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் முதன்முறையாகத் தொகுப்பாளருக்குச் சம்பளம் ஒதுக்கியது: ஆண்டுக்கு 1,000 டாலர். தீர்ப்பு வந்த ஆறு மாதத்துக்குள் அச்சிட வேண்டும், அரசுக்கு 80 பிரதிகளை இலவசமாகத் தர வேண்டும் என்பவை நிபந்தனைகள். மற்ற வருமானம் புத்தக விற்பனையில்தான். வீட்டனின் தொகுதிகள் துல்லியமானவை, விலையும் அதிகம்.

வீட்டன் 1827-ல் தூதராக டென்மார்க் போனார். அவர் இடத்துக்கு வந்த ரிச்சர்ட் பீட்டர்ஸ், முந்தைய மூவரின் தொகுதிகளையும் சுருக்கி ஆறே தொகுதிகளாக மலிவு விலைக்குக் கொண்டுவந்தார். தொலைதூர ஊர்களில் இருந்த ஏழை வக்கீல்களுக்கு அது பெரிய வரம். வீட்டனுக்கோ வயிற்றில் அடி. அவர் பதிப்புரிமை வழக்குப் போட்டார். வெப்ஸ்டர் அவருக்காக வாதாடினார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

அங்கே நீதிபதிகளின் நிலையை எண்ணிப் பாருங்கள். தங்கள் பழைய தொகுப்பாளர் ஒருபுறம், இப்போதைய தொகுப்பாளர் மறுபுறம். கேள்வி அவர்கள் வாயிலிருந்து வந்த சொற்கள் யாருக்குச் சொந்தம் என்பது. 1834-ல் தீர்ப்பு வந்தது. சட்டம் கேட்ட சடங்குகளையெல்லாம் வீட்டன் நிறைவேற்றினாரா என்று பார்க்க வழக்கைக் கீழ் நீதிமன்றத்துக்கே திருப்பி அனுப்பினார்கள். அந்த விஷயத்தில் இரண்டு நீதிபதிகள் மாறுபட்டார்கள். ஆனால் ஒன்றில் எல்லோரும் ஒருமனதாக நின்றார்கள்: நீதிமன்றத்தின் தீர்ப்புரைகள் மீது எந்தத் தொகுப்பாளருக்கும் பதிப்புரிமை கிடையாது, நீதிபதிகளே நினைத்தாலும் அதைக் கொடுக்க முடியாது. தன் நண்பருக்கு எதிராகப் போகும் இந்த முடிவில் ஸ்டோரியும் சேர்ந்துகொண்டார். குறிப்புகளும் சுருக்கங்களும் எழுதியவருடைய உழைப்பு, அதற்கு உரிமை கோரலாம். தீர்ப்பு மட்டும் பொதுச்சொத்து. இந்தத் தீர்ப்பைத் தன் எட்டாம் தொகுதியில் அச்சிட்டவர் பீட்டர்ஸேதான். வீட்டனும் பீட்டர்ஸும் 1848-ல் இறந்துபோனார்கள். அதுவரை அவர்கள் சண்டை தீரவில்லை.

1875 வாக்கில்தான் தொகுதிகளுக்குத் தொகுப்பாளர் பெயர் வைக்கும் வழக்கம் போய், நாட்டின் பெயரில் தொடர் எண் வந்தது. அதற்கு முந்தைய 90 தொகுதிகளுக்கும் பின்னோக்கி எண் கொடுத்தார்கள். அதனால் பழைய வழக்குகளுக்கு இரட்டை முகவரி. மார்பரி வழக்கை ‘5 யு.எஸ். (1 கிரான்ச்) 137’ என்று எழுதுவார்கள். மொத்த வரிசையில் ஐந்தாவது, கிரான்சின் வரிசையில் முதலாவது, பக்கம் 137. வீட்டன் - பீட்டர்ஸ் வழக்கு இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. ஜார்ஜியா மாநிலம் விளக்கக் குறிப்புகளோடு வெளியிட்ட தன் சட்டத் தொகுப்புக்குப் பதிப்புரிமை கேட்டபோது, 2020-ல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் மறுத்தது. அதற்கு அடித்தளமாக எடுத்துக்கொண்ட தீர்ப்புகளில் 1834-ன் தீர்ப்பும் ஒன்று.