மூன்றில் இரண்டு பங்கு கையெழுத்து: பழைய ஃபிளாட்டை இடிக்கச் சம்மதிக்கும் முன்

சென்னையில் மயிலாப்பூர், மந்தைவெளி, திருவல்லிக்கேணி பக்கம் ஒரு கிரவுண்டிலும் இரண்டு கிரவுண்டிலும் 1980-களில் எழுந்த சின்ன அடுக்குமாடிகளைத் தேடி இப்போது பில்டர்கள் வருகிறார்கள். அவர்களுடைய ஆட்கள் முதலில் சொல்வது இதைத்தான்: "சட்டம் மாறிடுச்சு மாமி, உங்க கையெழுத்து இல்லாமலே இடிக்கலாம்." தனியாக இருக்கும் வயதானவர்களும், கணவரை இழந்தவர்களும், பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பவர்களும் இதைக் கேட்டுப் பயந்து, நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். ஆனால் அவர்கள் சொல்வதில் பாதிதான் உண்மை.

1994-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாகத் தமிழ்நாடு அடுக்குமாடி வீடுகள் உரிமைச் சட்டம் 2022-இல் நிறைவேறி 2024-இல் நடைமுறைக்கு வந்தது. உரிமையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஒப்புக்கொண்டால் பழைய கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்ட முடிவெடுக்கலாம். நான்கு வீடு என்றால் மூன்று பேர், ஆறு என்றால் நான்கு பேர், எட்டு என்றால் ஆறு பேர். ஒரே ஒருவர் காரணமே சொல்லாமல் வருடக்கணக்கில் முட்டுக்கட்டை போட்ட இடங்களில் இந்த மாற்றம் நியாயமானதுதான்.

ஆனால் அந்த மூன்றில் இரண்டு பங்கு, கட்டடத்தை இடிப்பது பற்றிய முடிவுக்கு மட்டும்தான். உங்கள் பெயரில் பதிவான பிரிபடாத பாகம், அதாவது கட்டடம் நிற்கும் நிலத்தில் உங்கள் பங்கான யூடிஎஸ், உங்கள் கையெழுத்து இல்லாமல் பத்திரப்பதிவில் இன்னொருவர் பெயருக்குப் போகாது. பில்டருக்கு வேண்டியது அந்த யூடிஎஸ்தான். சட்டத்தைக் காட்டி மிரட்டுபவர் உங்களைத் தேடித் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணமும் அதுதான். அவசரம் அவருக்கு, உங்களுக்கு இல்லை.

கையெழுத்துக்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலைக்குப் பில்டரே தேவையில்லை. எல்லா வீட்டுக்காரர்களும் தங்கள் கிரயப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு ஒரு நாள் உட்காருங்கள். ஒவ்வொன்றிலும் சொத்து விவரத்தில் யூடிஎஸ் எத்தனை சதுர அடி என்று இருக்கும். எல்லாவற்றையும் கூட்டி, தாய்ப்பத்திரத்தில், அதாவது முழு நிலத்துக்கான பழைய மூலப் பத்திரத்தில், உள்ள நிலத்தின் அளவோடு ஒப்பிடுங்கள். ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி. நான்கு வீட்டுக்கும் தலா 550 என்றால் 2200தான் வரும். மீதி 200 சதுர அடி இன்னமும் அன்றைக்குக் கட்டி விற்ற பழைய புரமோட்டர் பெயரிலோ நிலத்தின் முதல் சொந்தக்காரர் பெயரிலோ நிற்கிறது. மொட்டை மாடியில் பின்னால் ஏதாவது கட்டலாம் என்று அன்றைக்கு ஒதுக்கி வைத்தது அது. இத்தனை வருடம் எட்டிப் பார்க்காத அவருடைய வாரிசுகள், இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் வக்கீல் நோட்டீஸ் அனுப்புவார்கள். அந்தப் பாகத்துக்கு அவர்களிடம் முறையாக எழுதி வாங்காமல் அடுத்த அடி வைக்க வேண்டாம். கூட்டுத்தொகை 2400-ஐத் தாண்டினால் நிலைமை இன்னும் மோசம். இல்லாத நிலத்தை யாருக்கோ விற்றிருக்கிறார்கள்.

அந்தக் காலத்து ஃபிளாட்டுகளில் பெரும்பாலும் யூடிஎஸ்ஸுக்கு மட்டும்தான் பதிவுப் பத்திரம் இருக்கும். வீட்டைக் கட்டித் தந்ததற்கு ஆதாரம் பதிவாகாத ஒரு கட்டுமான ஒப்பந்தம். முதல் மாடித் தெற்கு வீடு உங்களுடையது என்று சொல்வது அந்த மடங்கிப்போன தாள்தான். அசலை யாரிடமும் கொடுக்காதீர்கள், "ஸ்கேன் பண்ணிட்டுத் தரேன்" என்று கேட்டாலும் சரி.

நிலம் யாருடையது என்பது இந்தப் பேட்டையில் தனிக் கவலை. கோயில் நிலத்தில் கட்டிய வீடுகள் இங்கே நிறைய. அப்படிப்பட்ட இடத்தில் கட்டடம் மட்டுமே உங்களுடையது, மண் உங்களுடையது இல்லை. அறநிலையத்துறை அனுமதி இல்லாமல் சார்பதிவாளர் பத்திரத்தைப் பதிய மாட்டார். பில்டரிடம் முன்பணம் வாங்கிச் செலவு செய்த பிறகு இது தெரியவந்தால் திருப்பிக் கொடுக்க வழி இருக்காது. அதனால் வில்லங்கச் சான்றோடு நகர நில அளவைப் பதிவேட்டின் நகலையும், அதாவது டிஎஸ்எல்ஆர் நகலையும், முதலிலேயே எடுத்துப் பாருங்கள். இணையத்திலேயே கிடைக்கும்.

அந்தப் பதிவேட்டில் பெரும்பாலும் 40 வருடத்துக்கு முந்தைய சொந்தக்காரர் பெயரே இருக்கும். மாற்றப் போனால் அலைச்சல் தொடங்கும். தாலுகா அலுவலகத்தில் "உட்பிரிவு பண்ணிட்டு வாங்க" என்பார்கள். ஃபிளாட்டுக்குக் கீழே உள்ள பிரிபடாத நிலத்தை எப்படி உட்பிரிவு செய்வது? நீங்கள் கேட்க வேண்டியது எல்லா யூடிஎஸ் உரிமையாளர் பெயரும் சேர்ந்த கூட்டுப் பட்டா. விண்ணப்பத்தில் அந்தச் சொல்லையே எழுதுங்கள். எல்லாப் பத்திர நகல்களையும் ஒரே கட்டாகக் கொடுத்து, விண்ணப்ப எண் வாங்காமல் இடத்தைவிட்டு நகராதீர்கள். சர்வேயர் லீவு, ஃபைல் மேலே போயிருக்கிறது என்றெல்லாம் பதில் வரும். அடுத்த முறை வாய்வார்த்தை வேண்டாம். எண்ணைக் குறிப்பிட்டு, ஃபைல் யார் மேசையில் என்ன நிலையில் இருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதில் தர 30 நாள். மனுப் போன பிறகு ஃபைல் நகர்வது வழக்கம். அதற்குக்கூட மனுப் போட வேண்டியிருப்பதுதான் வேதனை.

பதிவு அலுவலகத்திலும் இதே கதைதான். "இது பதிய முடியாதுங்க" என்று வாயால் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். பதிய மறுத்தால் காரணத்தைப் பதிவு செய்து, நீங்கள் கேட்கும்போது நகலைக் கட்டணம் இல்லாமல் தர வேண்டும் என்பது பதிவுச் சட்டத்தின் 71-ஆம் பிரிவு. அந்தத் தாள் கிடைத்தால் 30 நாளுக்குள் மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். தாளைக் கேட்டதுமே பலமுறை ஆட்சேபம் கரைந்துவிடும்.

பத்திரம் இறந்தவர் பேரில் இருந்தால் வாரிசுச் சான்று வாங்க வேண்டும். மகன்கள் பெயரை மட்டும் போட்டு வாங்கிவிட்டு வந்து நிற்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். இந்து வாரிசுரிமையில் உயில் இல்லாமல் இறந்தவரின் மனைவி, மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு. இறந்தவரின் தாய் அன்றைக்கு உயிரோடு இருந்தால் அவருக்கும் பங்கு உண்டு. அந்தப் பாட்டியை மறந்துவிடுகிறார்கள், அவருடைய மற்ற பிள்ளைகள் பின்னால் நினைவுபடுத்துகிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் வாரிசு அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று, தன் சார்பில் இன்னொருவர் கையெழுத்திட அதிகாரப் பத்திரம் (பவர்) அனுப்பலாம். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். தபால் உறையை அலமாரியில் வைத்து மறந்தால் திரும்பவும் முதலிலிருந்து.

வீட்டுக் கடன் எப்போதோ முடிந்திருக்கும், ஆனால் வில்லங்கச் சான்றில் வங்கி அடமானம் அப்படியே நிற்கும். பணம் கட்டி முடித்த கடிதம் மட்டும் போதாது. அடமானம் தீர்ந்தது என்று வங்கி ரசீதுப் பத்திரம் பதிந்து தர வேண்டும். கிளையை மாற்றியிருப்பார்கள், இணைத்திருப்பார்கள். ஒரு மாதமாவது இழுக்கும், இப்போதே தொடங்குங்கள்.

நான்கு வீட்டுக்காரர்கள் சேர்ந்து "அசோசியேஷன்" என்று ரப்பர் ஸ்டாம்ப் வைத்திருப்பது சங்கம் ஆகாது. 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிய ஏழு உறுப்பினராவது வேண்டும். பதிந்த சங்கங்களும் வருடாந்தரக் கணக்கைத் தாக்கல் செய்யாமல் உயிரில்லாமல் கிடக்கும். அப்படிப்பட்ட சங்கத்தின் செயலாளர் எல்லோர் சார்பிலும் போட்ட கையெழுத்தைப் பில்டர் தூக்கிக் காட்டினால் ஏற்காதீர்கள். ஒப்பந்தத்தில் ஒவ்வொரு உரிமையாளரும் தனித்தனியாகக் கையெழுத்திட வேண்டும். கணவன் மனைவி பெயரில் கூட்டாக இருந்தால் இருவரும்.

இனி பேரம். உங்களுக்குப் புது வீடு கட்டித் தந்துவிட்டு, மிஞ்சும் பரப்பை அதற்கான யூடிஎஸ்ஸோடு பில்டர் விற்றுக்கொள்வதுதான் ஏற்பாடு. ஒரு கிரவுண்டில் சாதாரணமாக நிலத்தைப்போல் இரண்டு மடங்கு, 4800 சதுர அடி கட்டலாம். அதுவும் சுற்றிலும் விட வேண்டிய இடமும் தெருவின் அகலமும் இடம் கொடுத்தால்தான். சந்து குறுகல் என்றால் அத்தனையும் கிடைக்காது. தெரு விரிவாக்கத்துக்கு ஒரு துண்டு நிலத்தை மாநகராட்சிக்குத் தானமாக எழுதித் தரவும் நேரலாம். உங்கள் நான்கு பழைய வீடும் தலா 800 என்றால் 3200 போய், பில்டருக்கு மிஞ்சுவது 1600. நான்கு வீட்டின் கட்டுமானச் செலவும், கட்டி முடியும்வரை நீங்கள் வெளியே இருப்பதற்கான வாடகையும், அவருடைய லாபமும் அந்த 1600-இலிருந்துதான் வர வேண்டும். இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால், ஆளுக்கு 1000 சதுர அடியும் கையில் ரொக்கமும் தருகிறேன் என்பவரைப் பார்த்துச் சந்தோஷப்பட மாட்டீர்கள். பாதியில் நிற்கும் கட்டடங்கள் பல இப்படிப்பட்ட வாக்குறுதியில் தொடங்கியவை.

அளவிலேயே பெரிய ஏமாற்று நடக்கிறது. "பழைய 800-க்குப் புதிய 800" என்பார்கள். புதிய 800-இல் படிக்கட்டு, லிஃப்ட், வராந்தா எல்லாவற்றிலும் உங்கள் பங்கைச் சேர்த்திருப்பார்கள். உள்ளே நடந்து பார்த்தால் 600 சொச்சம்தான் இருக்கும், பீரோ நுழையாது. ஒப்பந்தத்தில் கார்ப்பெட் ஏரியா, அதாவது வீட்டுக்குள் புழங்கும் தரைப்பரப்பு, எத்தனை என்று எழுதி, வரைபடத்தை இணைத்து, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வாங்குங்கள். எந்த மாடி, எந்தத் திசை, எந்தக் கார் நிறுத்தம் என்பதும் அதில் இருக்கட்டும். குலுக்கலில் பார்த்துக்கொள்ளலாம் என்பதை ஏற்க வேண்டாம்.

"ரெரா இருக்கு, பயப்படாதீங்க" என்பதும் அடிக்கடி கேட்பது. ரெரா என்பது வீடு வாங்குவோரைப் பாதுகாக்கும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம். நிலம் 500 சதுர மீட்டருக்குள்ளும் வீடுகள் எட்டுக்குள்ளும் இருந்தால் ரெரா பதிவு கட்டாயமில்லை. ஒரு கிரவுண்டு 223 சதுர மீட்டர்தான். நான்கு வீட்டை இடித்து ஆறு கட்டினால் அந்தப் பாதுகாப்பு உங்களுக்கு இல்லை. கையில் உள்ள ஒப்பந்தம்தான் எல்லாம்.

அதனால் அதிகாரப் பத்திரத்தில் மிகுந்த கவனம் வேண்டும். கட்ட அனுமதி வாங்கவும் பில்டர் பங்கான யூடிஎஸ்ஸை விற்கவும் மட்டும் அதிகாரம் கொடுங்கள், சதுர அடியை எண்ணாலும் எழுத்தாலும் குறித்து. முழு நிலத்துக்கும் பொது அதிகாரம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். விற்கும் உரிமையும் படிப்படியாகத்தான் போக வேண்டும். உங்கள் சாவி கைக்கு வரும்வரை அவருடைய பங்கில் ஒரு வீட்டுக்கான யூடிஎஸ்ஸாவது உங்களிடம் நிற்கட்டும்.

வாடகை "18 மாதத்துக்கு" என்று எழுதியிருந்தால் அதை அடித்துவிட்டு, "புது வீட்டின் சாவி தரும் நாள் வரை" என்று எழுதச் சொல்லுங்கள். அட்வான்ஸ், போகவும் வரவும் இரண்டு முறை சாமான் ஏற்றும் செலவு, ஜிஎஸ்டி யார் கட்டுவது என்பதெல்லாம் தனித்தனி வரியாக வேண்டும். ஜிஎஸ்டி பற்றி ஒன்றும் எழுதாமல் விட்டால் கடைசி மாதத்தில் ஒரு பெரிய தொகை உங்கள் தலையில் வரும். கட்டடத்துக்கு நிறைவுச் சான்று தேவைப்படும் என்றால் அதுவும் கிடைத்த பிறகுதான் ஒப்படைப்பு என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் நிரந்தர மின் இணைப்பு இல்லாத புது வீட்டில் உட்கார்ந்திருப்பீர்கள்.

வீட்டைக் காலி செய்யும் வாரத்தில் பலரும் விடுவது ஒன்று: மின்வாரியத்தில் மனுக் கொடுத்து மீட்டரை முறைப்படி ஒப்படைத்து ரசீது வாங்குங்கள், மாநகராட்சிக்கும் குடிநீர் வாரியத்துக்கும் இடிப்பதை எழுத்தில் தெரிவித்து முத்திரையிட்ட நகலை வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இடிந்த வீட்டுக்கு வரி நிலுவை ஏறிக்கொண்டே போகும், புது வீட்டுக்கு இணைப்பு கேட்கும் நாளில் அதை வட்டியோடு கட்டச் சொல்வார்கள்.