எதிரசைவு

உடற்பயிற்சிக் காணொளிகளில் ‘ஆன்டகனிஸ்ட் மூவ்மென்ட்’ என்று ஒன்று அடிக்கடி காதில் விழும். உடலின் ஒரு மூட்டினை ஒரு பயிற்சி ஒரு திசையில் அசைத்தால், அதே மூட்டினை அதே தடத்தில் மறுதிசைக்கு அசைக்கும் பயிற்சி அதன் எதிரசைவு. தண்டாலில் எழும்போது முழங்கை நீள்கிறது, மேற்கை முன்னே வருகிறது. தாழ்வான கம்பிக்கு அடியில் மல்லாந்து, குதிகாலை ஊன்றி மார்பைக் கம்பிக்கு இழுத்தால் முழங்கை மடங்குகிறது, மேற்கை பின்னே போகிறது. இவை இரண்டும் ஒரு சோடி.

கிரேக்கத்தில் ‘ஆகோன்’ என்றால் போட்டி. ‘ஆன்டி’ என்றால் எதிர். களத்தில் எதிரே நிற்கும் போட்டியாளனைக் குறித்த சொல், பின்னாளில் கதையின் வில்லனுக்கும் உடலின் தசைக்கும் பெயராயிற்று. முழங்கையை மடக்கும் இருதலைத் தசைக்கு, அதை நீட்டும் முத்தலைத் தசை எதிர்த்தசை. பகையெல்லாம் பெயரில்தான். ஒன்று சுருங்கும்போது மற்றது இளகிக் கொடுக்கும்படி தண்டுவடம் பார்த்துக்கொள்கிறது. இதை விரிவாக ஆராய்ந்த சார்லஸ் ஷெரிங்டன், நரம்பணுக்களின் செயல்பாடு பற்றிய ஆய்வுக்காக 1932இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

தமிழில் ‘முரணசைவு’ எனலாம். ஆனால் முரண் என்ற சொல்லில் சண்டை வாடை இருக்கிறது. ‘மறுதலை’ கச்சிதமான சொல்தான், மண்டபம் கடற்கரையில் தண்டால் எடுக்கும் பையனிடம் சொன்னால் முழிப்பான். ‘எதிர்’ போதும். எதிர்வீடு, எதிர்க்கரை என்கிறோமே, அதில் பகை எங்கே இருக்கிறது?

‘தள்ளு, இழு’ என்று எளிதாகச் சொல்லிவிட்டால் என்ன? பேச்சுக்குச் சரி. ஆனால் ராமநாதபுரம் கரையோரத்தில் கரைவலை இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு அதிலுள்ள சிக்கல் புரியும். வள்ளம் வலையை வளைத்துப் போட்டுவிட்டு வர, இரு முனைக் கயிற்றையும் இரண்டு கூட்டமாய் நின்று இழுப்பார்கள். வேலையின் பெயர் இழுப்பு. ஆனால் கயிற்றைப் பிடித்துப் பின்சாய்ந்து நடக்கும்போது கால்கள் மணலை உந்துகின்றன. கை இழுக்கிறது, கால் தள்ளுகிறது. ஆகவே வலை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தால் ஏமாறுவோம். மூட்டு எந்தப் பக்கம் போகிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

இன்னொரு குழப்பம் இதைவிடப் பரவலானது. தண்டாலில் கீழே இறங்குவதே எழுவதற்கு எதிரசைவு என்று பலர் நினைக்கிறார்கள். முழங்கை மடங்குவது உண்மைதான். ஆனால் மடக்குவது புவியீர்ப்பு. உடல் தொப்பென்று விழாமல் தாங்கி இறக்குவது அதே மார்புத் தசையும் முத்தலைத் தசையும்தான். சுமையோடு நீள்கின்றன, அவ்வளவே. முதுகுத் தசைக்கு அங்கே பெரிய வேலை கிடையாது. எதிரசைவு என்றால் மறுபக்கத் தசை சுமை தூக்க வேண்டும்.

தள்ளுவதற்குத் தரை போதும், இழுப்பதற்குக் கம்பியோ கயிறோ வேண்டும். மணலில் பயிற்சி செய்கிறவர்கள் தண்டாலோடு நின்றுவிடுவது அதனால்தான். ஆனால் ராணுவ ஆள்சேர்ப்பில் கேட்கும் ‘பீம்’, காவலர் தேர்வில் ஆண்களுக்கு வைக்கும் கயிறு ஏறுதல் இரண்டுமே இழுப்பு. பீமுக்கு, அதாவது புல்-அப்ஸுக்கு நேர் எதிரசைவு தண்டால் அல்ல. சுவரில் கால் சாய்த்துத் தலைகீழாய் நின்று எடுக்கும் தண்டால். இரண்டிலும் கை தலைக்கு மேலே போய்வருகிறது. ஒரு சுற்று இது, ஒரு சுற்று அது என்று மாற்றிச் செய்தால் ஒரு பக்கம் உழைக்கையில் மறுபக்கம் ஓரளவு இளைப்பாறும், நேரமும் மிச்சம்.

காலுக்கு வந்தால் இந்தக் கணக்கு உதைக்கிறது. பஸ்கிக்கு எதிரசைவாக, மல்லாந்து இடுப்பைத் தூக்கும் பயிற்சியைச் சொல்வார்கள். எனக்கு அது ஒப்பவில்லை: இரண்டிலும் இடுப்பு மூட்டு நீளத்தான் செய்கிறது. துணைப் பயிற்சி என்றால் சரி. பஸ்கிக்கு உண்மையான எதிரசைவு, கம்பியில் தொங்கியபடி முழங்காலை மடக்கி மார்புவரை தூக்குவது.