பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைக் கத்தப் பழக்காதீர்கள்

ஜூலை 15 கல்வி வளர்ச்சி நாளில் ஆரம்பிக்கும். பிறகு சுதந்திர தினம், அண்ணா, பெரியார், காந்தி, நேரு பிறந்தநாள் என்று நவம்பர் வரை பேச்சுப் போட்டிகள்தான். குரல் கம்மிய பிள்ளைகள் குரல் சிகிச்சைக்கு வரும் காலமும் இதுவே. இந்த வாரம் வந்த எட்டாம் வகுப்பு மாணவிக்கு வாயைத் திறந்தால் பாதி காற்றுதான் வருகிறது. "மூணு நாள்ல போட்டி, அதுக்குள்ள சரிபண்ணிக் குடுங்க" என்கிறார் அப்பா. மூன்று நாளில் சரியாகிற விஷயமில்லை இது.

சத்தமாகப் பேசினால் மேடைப் பயம் போய்விட்டது என்று அர்த்தமாம். இந்த நினைப்பைத்தான் முதலில் விட வேண்டும். பயந்த பிள்ளையும் கத்தும். பயத்தை மறைக்கவே கத்தும். கத்தும்போது பக்கத்தில் நின்று கவனியுங்கள்: தாடை மேலே தூக்கும், கழுத்து நரம்பு புடைக்கும், மூச்சு வாங்கும்போது தோள் ஏறும், நாலு வரிக்கு ஒருமுறை 'ஹக்' என்று காற்றை விழுங்கும். அந்த மூச்சும் வாக்கியம் முடிவதற்குள் தீர்ந்துவிடும். தமிழில் வினைச்சொல் கடைசியில்தான் வருகிறது. 'ஏற்றுக்கொண்டார்' என்றாரா, 'ஏற்றுக்கொள்ளவில்லை' என்றாரா என்பதே கேட்பவருக்குத் தெரியாமல் போகும். வாக்கியத்தைக் கடைசி எழுத்து வரை முடித்து, ஒரு நொடி நிறுத்தி, எதிரே இருப்பவர் முகத்தைப் பார்க்கிற பிள்ளைதான் தைரியமாகத் தெரியும். அதற்குப் பெருஞ்சத்தம் தேவையே இல்லை.

குரலை எழுப்புவது தொண்டைக்குள் இருக்கும் இரண்டு சதை மடிப்புகள், குரல் நாண்கள். பேசும்போது சிறுவர்களின் குரல் நாண்கள் நொடிக்கு 200 தடவைக்கு மேல் ஒன்றோடொன்று மோதுகின்றன. வாரக்கணக்கில் கத்தினால் மோதும் இடத்தில் இரண்டு பக்கமும் எதிரெதிரே சின்ன முடிச்சு தடிக்கும். நாண்கள் சரியாக மூடாது. இடைவெளியில் காற்று கசியும். பெரும்பாலும் அறுவை சிகிச்சை வேண்டியதில்லை. ஆனால் பயிற்சியும் பொறுமையும் மாதக்கணக்கில் வேண்டும்.

பனங்கற்கண்டு, மிளகு, சித்தரத்தை, தேன், பச்சை முட்டை எல்லாம் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். விழுங்குவது எதுவும் குரல் நாணைத் தொடுவதில்லை. அது உணவுக்குழாய்க்குப் போகிறது; நாண் இருப்பது மூச்சுக்குழாய் வாசலில். தொட்டிருந்தால் புரையேறியிருக்கும். தொண்டைக்கு இதமாக இருக்கும், அவ்வளவுதான். தண்ணீரும் அப்படியே: மேடை ஏறும்போது குடிப்பது வறண்ட வாயை நனைக்கும், நாணுக்கு ஈரம் வேண்டுமென்றால் முதல் நாளிலிருந்தே குடிக்க வேண்டும். குரல் கம்மினால் கிசுகிசுப்பாகப் பேசச் சொல்லாதீர்கள், அது ஓய்வாகாது. அடிக்கடி கனைப்பதும் கூடாது. கனைக்கத் தோன்றினால் எச்சிலை விழுங்கட்டும்.

பெரிய பிள்ளைகள் படபடப்புக்கென்று யாரோ சொன்ன புரோப்ரனலால் மாத்திரையைப் போட்டுக்கொள்வதும் நடக்கிறது. ஆஸ்துமா இருந்தால் அது உயிருக்கே ஆபத்து. மருத்துவர் எழுதித் தராமல் தொடவே கூடாது.

பயிற்சி எப்படி? பேச்சு முழுவதையும் வரிக்கு வரி மனப்பாடம் செய்யவைத்தால் ஒரு சொல் மறந்ததும் எல்லாமே நின்றுவிடும். முதல் இரண்டு வாக்கியமும் கடைசி இரண்டும் மட்டும் மனப்பாடமாக இருக்கட்டும். நடுவில் ஐந்து குறிப்பு போதும். "மூணாவது குறிப்பிலிருந்து சொல்லு" என்று திடீரென்று கேளுங்கள்; சொல்ல முடிந்தால் மேடையில் தடுமாறினாலும் மீண்டுவிடும். மூச்சு வாங்க வேண்டிய இடத்தில் தாளில் கோடு போடுங்கள். தினசரிப் பயிற்சி வீட்டில் பேசுகிற குரலிலேயே நடக்கட்டும். மேடைக் குரலில் ஒருமுறை பேசிப் பார்த்தால் போதும். குரல் உடைகிற வயதுப் பையன்களைத் தலைவர்கள் மாதிரி கனத்த குரலில் பேசச் சொல்லவே சொல்லாதீர்கள்.

போட்டியன்று அரை டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை இரண்டு சென்டிமீட்டர் அமிழ்த்தி, 'ஊ' என்று குரலோடு குமிழி விடச் சொல்லுங்கள், ஐந்து நிமிடம். மேடையில் நின்றதும் நாலு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடட்டும். நெஞ்சு அடித்துக்கொள்ளத்தான் செய்யும், பேசப் பேச அடங்கும். மைக் வாயிலிருந்து நாலு விரல் தள்ளி, சற்றுக் கீழே இருக்கட்டும். மைக்கின் உயரத்தைப் பிள்ளைக்கு ஏற்ப இறக்குங்கள், கழுத்தை நீட்டவைக்காதீர்கள். வலைத் தலையைக் கையால் பொத்தினால் கீச்சென்று ஊளையிடும்.

இரண்டு வாரத்துக்கு மேல் கம்மல் தொடர்ந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் குரல் நாணைப் பார்த்துவிடுங்கள். கத்திக்கொண்டிருக்கும்போதே குரல் சட்டென்று போனால் நாணில் ரத்தம் கசிந்திருக்கலாம். அந்த நிமிடமே பேச்சை நிறுத்தி, தாமதிக்காமல் காட்டுங்கள். மூச்சை இழுக்கும்போதோ விடும்போதோ சத்தம் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

நடுவர்களாக உட்காரும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். குரலுக்கென்று மதிப்பெண் போடும்போது, கடைசி வரிசையில் இருப்பவருக்குச் சொல் புரிந்ததா என்று மட்டும் பாருங்கள். கத்தினவருக்கு அதைத் தூக்கிக் கொடுக்காதீர்கள்.