டூயல் டைம்லைன்: காலவரிசை அல்ல, ஈரிழை

கடலோர ஊர், பூட்டிக் கிடக்கும் வீடு, பாட்டி ஒளித்துவைத்த கடிதங்கள், அவற்றைத் தேடி வரும் பேத்தி. ஒரு அத்தியாயம் அன்று, அடுத்தது இன்று. 'டூயல் டைம்லைன்' எனப்படும் இந்த வகை நாவலை 'இரட்டைக் காலவரிசை நாவல்' என்று எழுதுவதைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. அது தவறு.

காலவரிசை என்றால் முன்னது முன்னும் பின்னது பின்னும் வருவது. 'நிகழ்வுகளைக் காலவரிசைப்படுத்துக' என்று வரலாற்றுத் தேர்வில் கேட்பார்களே, அதேதான். இந்த நாவல்கள் அந்த வரிசையைக் கலைக்கின்றன. கலைப்பதால்தான் குடும்ப ரகசியம் ரகசியமாக நிற்கிறது, வரிசையாகச் சொன்னால் பேத்தி வீட்டைத் திறக்கும் முன்பே நமக்கு எல்லாம் தெரிந்துபோகும். கதை எதைச் செய்யவில்லையோ அதையே அதற்குப் பெயராக வைத்தால் எப்படி?

'இரட்டை'யும் பொருந்தவில்லை. இரட்டைப் பிள்ளை, இரட்டை மாட்டு வண்டி என்று ஒரே மாதிரியான ஜோடிக்குச் சொல்வது அது. இங்கே இரண்டு காலத்துக்கும் ஆட்கள் வேறு, பேச்சு வேறு.

சிலர் 'இணைகோட்டுக் கதை' என்கிறார்கள். இணைகோடுகள் ஒருநாளும் சந்திக்காது, இந்தக் கதைகளோ சந்தித்தே ஆகவேண்டும். 1990இல் புக்கர் பரிசு பெற்ற ஏ. எஸ். பையட்டின் 'பொசெஷன்' நாவலில் 19ஆம் நூற்றாண்டுக் கவிஞர்கள் இருவரின் காதலைத் துப்புத் துலக்கும் இக்கால ஆய்வாளர்கள் அவர்கள் போன யார்க்‌ஷயர் கடற்கரைக்கே போகிறார்கள், கடைசியில் பார்த்தால் ஆய்வாளர்களில் ஒருத்தி அந்தக் கவிஞர்களின் வழித்தோன்றல். முடிச்சு விழுவது அங்கேதான்.

முடிச்சு என்றால் நூல் வேண்டும். 'லைன்' என்ற சொல்லே லத்தீன் 'லினியா'விலிருந்து வந்தது, ஆளிச்செடி நாரில் திரித்த நூல் என்று பொருள். நன்னூல் பாயிரமும் சொல்லைப் பஞ்சாகவும் பனுவலை இழையாகவும் புலவனை நூற்கும் பெண்ணாகவும் சொல்கிறது. நூல் என்ற ஒரே சொல்லில் இழைக்கும் புத்தகத்துக்கும் இடம் கொடுத்த மொழி இது. சரி, அப்புறம் எதற்கு அகராதியைத் திறந்து டூயலுக்கு இரட்டை, டைமுக்குக் காலம், லைனுக்கு வரிசை என்று துண்டுதுண்டாக ஒட்டவேண்டும்? மொழிபெயர்ப்பாளர்கள் ஒரு நாவலையாவது படித்துவிட்டுச் சொல்லைத் தேடலாம்.

என் சொல் 'ஈரிழை நாவல்'. ஈரிழைத் துண்டில் தலை துவட்டியவர்களுக்கு விளக்கவே வேண்டாம். காலத்தையும் சொல்லியாக வேண்டிய இடத்தில் 'இருகால ஈரிழை' என்று எழுதிக்கொள்ளலாம்.